பிக்சர் டியூப் கரண்ட்டை அளக்கும் சர்க்யூட்: சரிசெய்வதா, பிரீசெட் போடுவதா, கிட் மாற்றுவதா?

சத்தம் வருகிறது, டியூபின் கழுத்தில் ஹீட்டர் எரிகிறது, படம் மட்டும் இல்லை. எல்ஓடியில் (டியூபுக்கு உயர் வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) இருக்கும் ஸ்கிரீன் கண்ட்ரோலைக் கொஞ்சம் ஏற்றினால் சாய்ந்த கோடுகளோடு வெளிச்சம் வருகிறது. எந்த ஐசியை மாற்றுவது? ஐப்பசி அடைமழை பிடித்ததும் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து மெக்கானிக்குகளிடமிருந்து வரும் கேள்வி இது. பழைய டியூப் டிவி இன்னும் வேலை செய்யும் வீடுகள் டெல்டாவில் இருக்கின்றன. 2006 முதல் 2011 வரை அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகள் சில இன்றும் செட்டாப் பாக்ஸோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய வீடியோ கேம் விளையாட டியூப் டிவியைத் தேடிப் பிடிக்கும் பையன்களும் உண்டு.

இந்தப் பழுதில் பெரும்பாலும் ஐசி குற்றவாளி இல்லை. டியூபின் கரண்ட்டை அளந்து ஐசிக்குச் சொல்லும் சர்க்யூட் தவறாகச் சொல்கிறது, அல்லது டியூபே தளர்ந்துவிட்டது. அதற்கு மேல் மூன்று வழிகள்: அளக்கும் சர்க்யூட்டைச் சரிசெய்வது, அந்த அளவீட்டை விட்டுவிட்டு கட்-ஆஃபை (டியூபின் கரண்ட் நின்று திரை கருப்பாகும் புள்ளி) கையால் நிலைநிறுத்துவது, மெயின் போர்டையே கழற்றிவிட்டு யுனிவர்சல் கிட் (பல டியூபுக்கும் பொருந்தும் என்று விற்கும் புதுப் போர்டு) போடுவது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் டியூபின் பாதுகாப்பு. வேறு எல்லா பார்ட்ஸும் கடையில் கிடைக்கும், டியூப் கிடைக்காது. அடுத்தது நிறம்: கருப்பு கருப்பாகவும் சாம்பல் சாம்பலாகவும் எத்தனை மாதம் நிற்கும் என்பது. மூன்றாவது ஈரமும் உப்புக் காற்றும். வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் ஒரு வருடத்தில் பச்சை பூக்கும் செம்புத் தடம், தஞ்சாவூரில் பத்து வருடம் பளபளப்பாக இருக்கும். நான்காவது பார்ட்ஸ், அதுவும் போலி இல்லாத பார்ட்ஸ். கடைசியாக, அதே வேலைக்கு மறுபடி கூப்பிடுவார்களா என்பது. இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய்ச் செய்யும் வேலையில் லாபமா நஷ்டமா என்பதை இதுதான் முடிவு செய்யும்.

## இரண்டு அளவீடு, இரண்டு வேலை

டியூப் கரண்ட்டை டிவி இரண்டு இடத்தில் அளக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

ஒன்று ஏபிஎல், அதாவது படத்தின் வெளிச்சத்துக்கு வரம்பு கட்டுவது. எல்ஓடியின் ஈஹெச்டி (டியூபின் ஆனோடுக்குப் போகும் உயர் வோல்ட்) சுற்றின் கீழ்முனையில் அளப்பது. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலக்ட்ரான் கன்னும் சேர்ந்து இழுக்கும் மொத்த சராசரிக் கரண்ட், மில்லி ஆம்பியர் கணக்கில். எந்த கன் இழுக்கிறது என்று இதற்குத் தெரியாது.

மற்றொன்று ஏகேபி, அதாவது கருப்பு நிலையைத் தானே அளந்து திருத்தும் லூப். ஒவ்வொரு கேதோடிலும் (கன்னில் எலக்ட்ரான் புறப்படும் முனை) தனித்தனியாக, கருப்பு நிலையில் மட்டும் அளப்பது. இது 10 மைக்ரோ ஆம்பியர் அக்கம்பக்கம். ஒவ்வொரு ஃபீல்டின் (திரையை மேலிருந்து கீழாக ஒரு முறை வரைவது) தொடக்கத்திலும், கண்ணுக்குத் தெரியாத மேல் ஓரத்தில், ஐசி ஒரு கோடு சிவப்பு, ஒரு கோடு பச்சை, ஒரு கோடு நீலம் என்று மெல்லிய வெளிச்சம் விட்டு, திரும்பி வரும் கரண்ட்டைப் பார்த்துக் கருப்பு நிலையைத் திருத்திக்கொள்கிறது. படத்தின் உயரம் குறைந்த செட்டில் உச்சியில் மூன்று நிறக் கோடுகள் தெரிந்தால் அவை இவைதான். வெர்ட்டிகல் ஐசியின் மேல் பழி போட வேண்டாம்.

## ஏபிஎல்: இதில் தேர்வே கிடையாது

மூன்று வழிகளில் எதில் போனாலும் ஏபிஎல் சரியாக இருந்தே ஆக வேண்டும். 25 கிலோ வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் 25 வாட். அவ்வளவும் ஷேடோ மாஸ்க்கிலும் (திரைக்குப் பின்னால் இருக்கும் துளைத் தகடு) திரையிலும் சூடாக இறங்குகிறது. வரம்பு இல்லாவிட்டால் மாஸ்க் வீங்கி, வெளிச்சமான இடங்களில் நிறத் திட்டு விழும், படம் ஊதும், எல்ஓடியும் சீக்கிரம் போகும்.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, 110 வோல்ட் லைனிலிருந்து 120 கே ரெசிஸ்டர் வழியாக ஏபிஎல் முனைக்கு ஊட்டம் வருகிறது, அந்த முனை 12 வோல்ட்டுக்கு மேல் ஏறாதபடி ஒரு டயோடு பிடித்துவைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் தரக்கூடியது 98 வோல்ட்டை 120 கே-ஆல் வகுத்தால் வரும் 0.82 மில்லி ஆம்பியர். டியூப் அதைவிடக் குறைவாக இழுக்கும்வரை மீதி டயோடு வழியாகப் போய்விடும், முனை 12 வோல்ட்டிலேயே நிற்கும். அதைத் தாண்டி இழுத்தால் முனை சரியத் தொடங்கும், ஐசி கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும்.

ஒரு பொறி இங்கே உண்டு. ரெசிஸ்டரின் இரு முனையில் மீட்டர் வைத்து டியூப் கரண்ட்டைக் கணக்கிடப் பார்ப்பார்கள். டயோடு பிடித்திருக்கும்வரை இருட்டுப் படத்திலும் வெளிச்சப் படத்திலும் அதே 0.82 தான் காட்டும். உண்மைக் கரண்ட் வேண்டுமானால் செட்டை அணைத்து, எல்ஓடியின் ஏபிஎல் காலைத் தடத்திலிருந்து பிரித்து, இடையே 1 கே ரெசிஸ்டரைச் சால்டர் செய்து, அதன் குறுக்கே வோல்ட் பாருங்கள். 1 வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர். மில்லி அம்மீட்டரை நேரடியாகத் தொடரில் போட வேண்டாம். புரோப் ஒரு கணம் நழுவினாலும் ஈஹெச்டியின் கீழ்முனை அந்தரத்தில் நின்று பல நூறு வோல்ட் மைனஸுக்குப் போகும். பக்கத்து கண்டென்சர் வெடிக்கும்.

ஏபிஎல் ரெசிஸ்டர் பெரும்பாலும் மதிப்பு கூடித்தான் கெடுகிறது. படம் மங்கும், கான்ட்ராஸ்ட் ஏறாது. டியூப் போய்விட்டது என்று கைவிடும் முன் இதைப் பாருங்கள். டியூபுக்குள் பொறி அடிக்கும்போதெல்லாம் அதிர்ச்சி இந்த ரெசிஸ்டருக்குத்தான் போகிறது. அதனால் மாற்றும்போது அரை வாட் மெட்டல் ஃபிலிமில் 56 கே, 68 கே இரண்டைத் தொடரில் போடுவது நல்லது. முனையிலிருந்து எர்த்துக்குப் போகும் எலக்ட்ரோலிட்டிக் கசிந்தாலும் இதே மங்கல்தான்.

## முடிவெடுக்கும் முன் பத்து நிமிடச் சோதனை

டியூப் தளர்ந்ததா, அளக்கும் சர்க்யூட் பொய் சொல்கிறதா? இது தெரியாமல் எந்த வழியில் இறங்கினாலும் பணம் வீண்.

செட்டை அணைத்து, டியூபின் வெளிப்பூச்சைத் தொட்டிருக்கும் எர்த் கம்பிக்கு ஆனோடை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் பேஸ் போர்டில் ஒரு கேதோடுக்குப் போகும் தொடர் ரெசிஸ்டரின் ஆம்ப்ளிஃபையர் பக்கக் காலைத் தூக்குங்கள். தூக்கிய காலிலிருந்து பேஸ் போர்டின் எர்த்துக்கு 220 கே அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். ஸ்கிரீன் கண்ட்ரோல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செட்டைப் போட்டு ஒரு நிமிடம் சூடாகவிட்டு 220 கே மேல் டிசி வோல்ட் பாருங்கள். திரை அந்த நிறத்தில் ஒளிரும். 100 வோல்ட் காட்டினால் அந்த கன் 0.45 மில்லி ஆம்பியர் தருகிறது என்று பொருள். இதையே மற்ற இரண்டுக்கும் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கன் மட்டும். எண் எவ்வளவு என்பது ஸ்கிரீன் வோல்ட்டைப் பொறுத்தது, அதில் தொங்க வேண்டாம். மூன்றும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக, ஒரு நிமிடத்துக்குள் நிலைத்து நின்றால் டியூப் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் 20, 30 வோல்ட் கீழே நின்று மெல்ல மெல்ல ஏறினால் அந்த கன் தளர்ந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். "காலையில போட்டா அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் படம் வருது" என்றால் டியூப். "வெயில் அடிச்சா வருது, மழை பேஞ்சா வரல" என்றால் பேஸ் போர்டில் கசிவு.

## வழி 1: அளக்கும் சர்க்யூட்டைச் சரிசெய்வது

ஏகேபி இரண்டு வடிவத்தில் கிடைக்கும். பழைய போர்டுகளில் கேதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், பெரும்பாலும் பிஎஃப் 423. எமிட்டர் கேதோடில், பேஸ் ஆம்ப்ளிஃபையர் அவுட்டில், கலெக்டர் வழியாக டியூப் கரண்ட் அப்படியே அளக்கும் லைனுக்கு இறங்கும். பிந்தைய செட்டுகளில் டிடிஏ 6107 என்ற ஒன்பது கால் ஐசியே மூன்று ஆம்ப்ளிஃபையரையும் அளவீட்டையும் செய்துவிடும்: 1, 2, 3 உள்ளே, 7, 8, 9 கேதோடுகளுக்கு, 6-ல் 200 வோல்ட், 5-ஆவது கால்தான் அளவீடு.

அந்த 5-ஆவது காலில் ஓடுவது 10 மைக்ரோ ஆம்பியர். 150 வோல்ட் உள்ள தடத்துக்கும் அளக்கும் லைனுக்கும் இடையே 15 மெகா ஓம் கசிவு இருந்தால் அதுவே 10 மைக்ரோ ஆம்பியர். அதாவது விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் உப்பு ஈரமும் சேர்ந்தாலே டியூபுக்குச் சமமாகப் பேசும். பல ஐசிகள் கசிவைத் தனியாக ஒரு கோட்டில் அளந்து கழித்துவிடும் என்பது உண்மைதான். நிலையான கசிவுக்கு அது சரி. ஈரத்தில் துடித்துத் துடித்து மாறும் கசிவுக்கு முன்னால் அந்தக் கணக்கு நிற்காது, நிறம் நிமிடத்துக்கு நிமிடம் அலையும். சால்டரிங்கில் தொடரில் நூறு ஓம் கூடினால் கவலை இல்லை. கெடுப்பது பக்கவாட்டுக் கசிவு.

ஆகவே சரிசெய்யும் வேலை பார்ட்ஸ் மாற்றுவதில் தொடங்கக் கூடாது, கழுவுவதில் தொடங்க வேண்டும். பேஸ் போர்டைக் கழற்றி, இரு பக்கமும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து, ஹேர் டிரையரிலோ வெயிலிலோ நன்றாகக் காய வையுங்கள். பல்லிப் புழுக்கை விழுந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் தடம் பச்சையாக இருக்கும். சாக்கெட்டில் ஃபோக்கஸ் காலைச் சுற்றிப் பச்சைப் பொடி இருந்தால் கழுவாதீர்கள், சாக்கெட்டை மாற்றுங்கள். டியூபின் கழுத்து 22.5 மில்லிமீட்டரா 29.1 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கழுவி முடித்து 20 மெகா ஓம் ரேஞ்சில் அளக்கும் தடத்துக்கும் 200 வோல்ட் தடத்துக்கும் இடையே பார்த்தால் மீட்டர் அசையக் கூடாது. கடற்கரை ஊர் என்றால் காய்ந்த போர்டின் செம்புப் பக்கத்துக்கு மெல்லிய எலக்ட்ரிகல் வார்னிஷ் பூசுங்கள். சாக்கெட் காலிலும் ஸ்பார்க் கேப்பிலும் படக் கூடாது.

அதன் பிறகுதான் பார்ட்ஸ். பிஎஃப் 423 கிடைக்காமல் எம்பிஎஸ்ஏ 92 போடுகிறவர்கள் கவனிக்க: முன்னதற்கு நடுக்கால் கலெக்டர், பின்னதற்கு நடுக்கால் பேஸ். அப்படியே செருகினால் 200 வோல்ட்டைப் போட்ட நொடியில் போய்விடும். கால் மாற்றிப் போட்டால் வேலை செய்யும், உள் கெபாசிட்டன்ஸ் கூடுதல் என்பதால் எழுத்தின் கூர்மை ஒரு மாற்றுக் குறையலாம். டிடிஏ 6107-ல் தொல்லை போலி. திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கினாலும் பழைய போர்டிலிருந்து கழற்றிய அசல் ஐசியைத்தான் நம்பலாம்.

மறைமுகச் செலவு நேரம். கழுவ, காய வைக்க, மறுபடி சோதிக்க அரை நாள் போகும். பலன், நிறத்தை இனி யாரும் தொட வேண்டாம். டியூப் வயதாக வயதாக ஐசியே திருத்திக்கொள்ளும். ஆனால் டியூப் மிகவும் தளர்ந்து கேட்ட கரண்ட்டைத் தர முடியாமல் போனால் இதே லூப் படத்தை முழுதாக மறைத்துவிடும். நன்றாக இருக்கும் டியூபுக்கு இது காவலாளி, கிழட்டு டியூபுக்கு எமன்.

குறுக்கு வழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அளக்கும் லைனுக்கு ஒரு ரெசிஸ்டரால் பொய்க் கரண்ட் கொடுத்து ஐசியை ஏமாற்றிப் படத்தை வரவைப்பது. படம் வரும். ஆனால் லூப் இன்னும் திருத்திக்கொண்டே இருக்கும், பொய்யை நம்பி. கருப்பு நிலை ஓர் ஓரத்துக்கு ஓடிப்போய் நிற்கும். இதை வழியாகவே எண்ணவில்லை.

## வழி 2: லூப்பை விட்டு, கட்-ஆஃபை நிலைநிறுத்துவது

இதை எல்லாச் செட்டிலும் செய்ய முடியாது. யுஓசி வகை ஐசி (சிக்னலும் கண்ட்ரோலும் ஒரே சிப்பில்) உள்ள செட்டில் சர்வீஸ் மெனுவில் ஏகேபி என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பல செட்டில் 0 என்றால் லூப் ஓடும், 1 என்றால் நிற்கும். மாற்றும் முன் மெனுவின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எல்ஏ 76810 போன்ற ஐசி உள்ள செட்டில் லூப்பே கிடையாது. கட்-ஆஃப் எண்கள் மெமரி ஐசியில்தான் இருக்கின்றன, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. மெனு இல்லாத பழைய ஐசி லூப்பைக் கட்டாயம் எதிர்பார்த்தால் இந்த வழி மூடியது.

லூப்பை நிறுத்தியபின் மூன்று கன்னின் கட்-ஆஃபையும் கையால் ஒன்றுசேர்க்க வேண்டும். மெனுவில் எண்ணாகவோ, பேஸ் போர்டில் பிரீசெட்டாகவோ (திருகித் திருத்தும் சிறு ரெசிஸ்டர்), முறை ஒன்றுதான். கட்-ஆஃப் மூன்றையும் நடுவில் வையுங்கள். ஸ்கிரீனை முழுதாக இறக்குங்கள். சர்வீஸ் நிலையில் வெர்ட்டிகலை நிறுத்தினால் படம் திரை நடுவே ஒற்றைக் கோடாகச் சுருங்கும். இருட்டில் மெல்ல ஸ்கிரீனை ஏற்றுங்கள். எந்த நிறம் முதலில் மங்கலாகத் தெரிகிறதோ அதைத் தொடாமல் விட்டு, மற்ற இரண்டையும் ஏற்றி அந்தக் கோடு நிறமில்லாச் சாம்பலாகும்வரை கொண்டுவாருங்கள். கோடு மங்கலாகவே இருக்கட்டும். பளிச்சென்று ஒரு நிமிடம் விட்டால் பாஸ்பர் கருகி நிரந்தர வடு விழும். வெர்ட்டிகலைத் திருப்பிக் கொடுத்து, கருப்பு வெள்ளைப் படம் ஒன்றில் வெளிச்சப் பகுதி வெள்ளையாகும்வரை டிரைவை (வெளிச்சத்தில் ஒவ்வொரு நிறத்தின் அளவு) திருத்துங்கள். 200 வோல்ட் ஊட்டமுள்ள செட்டில் கருப்பில் கேதோடு 130 முதல் 150 வோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்கிரீன் சரியான இடத்தில் இருக்கிறது.

தளர்ந்த டியூபுக்கு இதுதான் தஞ்சம். போட்டவுடன் படம் வரும், முதல் ஐந்து நிமிடம் ஒரு நிறம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். உப்புக் காற்றுக்கும் அஞ்சாது: 10 மைக்ரோ ஆம்பியர் கசிவு இங்கே யாரையும் குழப்பாது. மறைமுகச் செலவு, மறுபடி மறுபடி திருத்துவது. டியூப் தளரத் தளர வருடத்துக்கு ஒரு முறையாவது கருப்பில் சிவப்போ பச்சையோ எட்டிப்பார்க்கும். பிரீசெட் என்றால் மலிவான திறந்த வகையை வாங்காதீர்கள், அதன் கார்பன் தடத்திலும் ஈரம்தான் குடியேறும். அதைவிட, வீட்டில் யாராவது வெளிச்சம் போதவில்லை என்று ஸ்கிரீனை ஏற்றிவிட்டால் தடுக்க லூப் இல்லை. அப்போது காப்பாற்றுவது ஏபிஎல் மட்டும், அதுவும் ஓரளவுக்குத்தான்.

## வழி 3: யுனிவர்சல் கிட்

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எல்ஓடி, ஐசி, பேஸ் போர்டு, ரிமோட் எல்லாம் புதிது. கருப்புக் கரண்ட்டை அளக்கும் லூப் இதில் பெரும்பாலும் இருக்காது. ஏபிஎல் மட்டும் இருக்கும். மெயின் போர்டு இடி விழுந்தோ வெள்ளத்தில் நனைந்தோ போயிருந்தால் வேறு வழியும் இல்லை. 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு நனைந்த செட்டுகளில் டியூப் மட்டும் பிழைத்திருந்தவற்றுக்கு இதுவே பொருந்தியது.

கடைக்காரர் சொல்லாத செலவுகள் மூன்று. முதலாவது ஹீட்டர். கிட்டின் எல்ஓடி தரும் ஹீட்டர் வோல்ட் உங்கள் டியூபுக்கு 6.3 ஆக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சாதா மீட்டரின் ஏசி ரேஞ்ச் அந்த வேகத் துடிப்பைச் சரியாகக் காட்டாது, அதிக அதிர்வெண்ணைப் படிக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும். கூடுதலாக இருந்தால் தொடர் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள். இதைப் பார்க்காமல் போட்ட கிட், நல்ல டியூபைச் சில மாதங்களில் தளர்த்திவிடும். இரண்டாவது யோக், டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் சுருள். பழைய யோக்கும் புதிய எல்ஓடியும் ஒத்துப்போகாவிட்டால் படம் அகலம் கூடும் அல்லது குறுகும், ஹரிசான்டல் டிரான்சிஸ்டர் சுடும். மூன்றாவது ஏபிஎல். 14 முதல் 21 அங்குலம்வரை ஒரே போர்டு என்று விற்பதால் வரம்பு பெரிய டியூபுக்கு ஏற்றபடி இருக்கும். 14 அங்குலத்தில் வரம்பை 0.65 மில்லி ஆம்பியருக்குக் கொண்டுவர, மேலே சொன்ன சர்க்யூட்டில் 120 கே-க்குப் பதில் 150 கே. சில போர்டுகளில் படத்தின் அளவைச் சீராக வைக்கும் ஐசி காலும் இதே முனையில் தொங்கும். மாற்றியபின் வெளிச்சம் கூடும்போது படம் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | லூப்பைச் சரிசெய்வது | கட்-ஆஃப் நிலைநிறுத்தல் | யுனிவர்சல் கிட் |
|---|---|---|---|
| டியூப் பாதுகாப்பு | நல்லது | ஏபிஎல்லை நம்பி | ஹீட்டர், ஏபிஎல் பார்த்தால் மட்டும் |
| நிறம் நிலைத்தல் | தானே திருத்தும் | வருடம் ஒரு முறை கை | வருடம் ஒரு முறை கை |
| ஈரம், உப்பு | பலவீனம் | தாங்கும் | தாங்கும் |
| தளர்ந்த டியூப் | படத்தை மறைத்துவிடும் | ஓட்டலாம் | ஓட்டலாம், பணம் வீண் |
| பார்ட்ஸ் | போலி தொல்லை | மிகக் குறைவு | ஒரே பெட்டியில் |
| வேலை நேரம் | அரை நாள் | ஒரு மணி நேரம் | ஒரு நாள் |

## எந்த செட்டுக்கு எது

சோதனையில் மூன்று கன்னும் சமம், ஊர் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போல உள்ளே தள்ளி இருக்கிறது என்றால் லூப்பைச் சரிசெய்யுங்கள், யோசிக்க வேண்டாம். பழைய கேம் விளையாடுகிறவருக்கும் இதுதான். அவர் கருப்பின் நிறத்தைக் கூர்ந்து பார்ப்பார்.

டியூப் நன்றாக இருந்தும் வீடு கடலோரம் என்றால் முதல் முறை கழுவி, வார்னிஷ் பூசி, லூப்போடு விடுங்கள். அடுத்த மழைக்கே திரும்பி வந்தால் மெனுவில் ஏகேபியை நிறுத்திவிடலாம். இரண்டாம் முறையும் கழுவிக்கொண்டிருப்பது வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நஷ்டம்.

ஒரு கன் மட்டும் தளர்ந்திருந்தால், குறிப்பாகச் சிவப்பு, நேராக இரண்டாவது வழி. கட்-ஆஃபைச் சேர்த்தபின் டிரைவில் சிவப்பை ஏற்றிச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், மற்ற இரண்டையும் இறக்குங்கள். படம் கொஞ்சம் மங்கும். சிவப்பை ஏற்றினால் வெளிச்சமான முகங்களின் ஓரத்தில் நிறம் இழுத்துக்கொண்டு பூசியதுபோல் வழியும், கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும்வரை போகாது. மூன்று கன்னும் தளர்ந்த டியூபுக்குக் கிட் வாங்கிப் போடச் சொல்லி யாராவது கேட்டால், 220 கே சோதனையின் மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.